பதினான்கு வெள்ளைப் புள்ளிகளும் முப்பத்தெட்டு மாப்புகளும்

சாகப் போகிறேன் என்று ஊருக்கெல்லாம் தெரியப்படுத்திவிட்டுச் சாகாமல் இருப்பது எவ்வளவு வெட்கக்கேடு என்பதை அனுபவித்தவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். எங்கள் சாய்ந்தமருதில் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். தினமும் காலையில் அவரை என் முகக்கண்ணாடியில் பார்க்கிறேன்.

நான் முப்பத்தொரு வருடம் கணக்குப் படிப்பித்தவன். எதையும் எண்ணாமல் இருக்க எனக்கு வராது. வீட்டிலிருந்து பள்ளிவாசலுக்கு நானூற்று இருபத்தாறு காலடி. (முழங்கால் நோவெடுத்த பிறகு நானூற்று அறுபத்தொன்று.) ஒரு பிடி சோற்றை இருபத்திரண்டு தரம் மெல்லுவேன். நான் குசினிப் பக்கம் தலையைக் காட்டினால், "கருவேப்பிலைய எண்ணாம அங்கால போங்க" என்பாள் என் மனைவி சபியா. இவ்வளவையும் எண்ணிய நான், எண்ண வேண்டிய ஒன்றை எண்ணாமல் விட்டதில்தான் எல்லாம் தொடங்கியது.

எனக்குப் பத்து வருடமாக முட்டு வருத்தம். மூச்சு முட்டாமல் இருக்க கிளினிக்கில் ஒரு பழுப்பு நிறப் பம்ப் தந்திருக்கிறார்கள். காலையில் இரண்டு இழுப்பு, பின்னேரம் இரண்டு. பம்பைத் தந்த தாதி, "இழுத்தாப் பிறகு மறக்காம வாயை நல்லாக் கொப்பளிச்சுத் துப்புங்க சேர்" என்று சொல்லித்தான் அனுப்பினார். வருடத்தில் பதினொரு மாதம் அப்படியே செய்துவந்தேன். பன்னிரண்டாவது மாதம் நோன்பு.

நோன்பு காலத்தில் பள்ளிவாசலில் அதிகாலைப் பாங்கு சொல்வதற்கு முன் சாப்பிட்டு முடிக்க வேண்டும். பம்பையும் அதற்கு முன் இழுத்துவிட வேண்டும் என்பது என் கொள்கை. நாள் முழுக்கத் தாக்குப்பிடிக்கட்டும் என்று அதைக் கடைசி நிமிடத்துக்கு ஒதுக்கினேன். இரண்டு இழுப்புக்கும் நடுவே ஒரு நிமிடம், ஒவ்வோர் இழுப்புக்கும் பத்து வினாடி மூச்சைப் பிடித்தல். இரண்டாவது மூச்சை விடும்போது பாங்கு தொடங்கிவிடும். அதன்பிறகு வாயில் தண்ணீர் எடுக்க எனக்குப் பயம். ஒரு துளி தொண்டைக்குள் இறங்கினால் அன்றைய நோன்பு போய்விடும். நோன்பாளி தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூச் செய்யும்போது மெதுவாகக் கொப்பளிக்கலாம் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் 'மெதுவாக' என்பதற்கு யாரும் அளவு சொல்லவில்லையே. அளவு இல்லாத காரியத்தை நான் எப்படிச் செய்வது? ஈர விரலால் உதட்டைத் தொட்டு எடுப்பதோடு நிறுத்திக்கொண்டேன். (கொப்பளிப்பது கட்டாயக் கடமையில்லை, சுன்னத்துத்தானே, விட்டாலும் வுழூ கூடும் என்று எனக்கு நானே பத்வாவும் கொடுத்துக்கொண்டேன்.) பின்னேர இழுப்பு நோன்பு திறந்து கஞ்சி குடித்த கையோடு. உடனே தராவீஹ் இரவுத் தொழுகைக்கு ஓட்டம். விடியுமுன் சஹர்ச் சாப்பாட்டுக்கு எழும்பும் அவசரத்தில் நேரம் மிச்சப்படட்டும் என்று மேல் பல் செட்டைக்கூட இரவில் கழற்றுவதில்லை.

முப்பது நோன்பு, அறுபது வேளை, நூற்று இருபது இழுப்பு. கொப்பளித்தது பூச்சியம்.

பெருநாள் கழிந்து ஐந்தாம் நாள் இறைச்சிக் கறி வாயை எரித்தது. டோர்ச்சும் கண்ணாடியுமாகக் குளியலறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டேன். வாய்க்குள் வெள்ளை. இடது கன்னத்தில் ஐந்து புள்ளி, வலது கன்னத்தில் மூன்று, அண்ணத்தில் நான்கு, நாக்கில் இரண்டு. மொத்தம் பதினான்கு. சதுரக் கோட்டுக் கொப்பியில் வாயின் படம் வரைந்து ஒவ்வொன்றையும் குறித்தேன்.

ஆஸ்பத்திரியில் எப்போதோ தந்த ஒரு துண்டுப் பிரசுரம் என்னிடம் இருந்தது. வாய்ப் புற்றுநோயின் அறிகுறிகள் அதில் ஆறு: வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு கிழமைக்கு (பதினான்கு நாளுக்கு) மேல் ஆறாத புண், கட்டி, உறைப்புப் பட்டால் எரிவு, வாயை முழுதாகத் திறக்க முடியாமை. வெள்ளைக்கு ஒரு புள்ளி. எரிவுக்கு ஒரு புள்ளி. டோர்ச்சை அணைக்காமல் வெகுநேரம் பார்த்தால் சிவப்பும் தெரிந்தது, அதற்கும் ஒன்று. வாய் திறப்பதைச் சோதிக்க மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பல்லுக்கு நடுவே நுழைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். நுழைந்தது. ஆனால் கண்ணில் நீர் வந்ததால் அரைப் புள்ளி போட்டேன். ஆறுக்கு மூன்றரை, ஐம்பத்தெட்டு வீதம். சாதாரண தரப் பரீட்சையில் இது திறமைச் சித்தி.

இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே பல் வைத்தியரிடம் காட்டவும் என்று அடியில் ஒரு வரி இருந்தது. அதையும் வாசித்தேன். விடை தெரிந்த கணக்கை இன்னொருவரிடம் கொண்டுபோய்க் காட்டுவானேன் என்று விட்டுவிட்டேன்.

நான் வெற்றிலை போடுகிறவனில்லை. சிகரெட்டைக் கையாலும் தொட்டதில்லை. வாழ்க்கையில் மூன்று தரம் வெற்றிலை மென்றிருக்கிறேன், மூன்றும் கலியாண வீடுகளில். அவற்றில் ஒன்று என் சொந்தக் கலியாணம். அந்த மூன்றின் மேலும் பழியைப் போட்டுவிட்டு ஒன்பது நாள் யாருக்கும் சொல்லாமல் இருந்தேன். சபியாவுக்கு இரத்த அழுத்தம். கவிழ்ந்து படுத்தபடி, நான் செத்தால் என் மையத்தைத் தூக்குகிறவர்களின் உயரம் ஒத்துப்போகுமா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்தாம் நாள் மாப்புக் கேட்கப் புறப்பட்டேன்.

எங்கள் பக்கத்தில் ஹஜ்ஜுக்குப் போகிறவர் வீடு வீடாகப் போய், "தெரிஞ்சோ தெரியாமலோ பிழை செய்திருந்தா மாப்புத் தாங்க" என்று கேட்பார். சாகக் கிடக்கிறவரும் கேட்பார், ஆனால் அவரைத் தேடி ஊர் வரும். இரண்டையும் கலந்து சைக்கிளில் போனவன் நான் ஒருவன்தான். இன்னொரு பிழையும் செய்தேன். எல்லோரும் பொதுவாகக் கேட்டுவிட்டு நிறுத்துவார்கள். எனக்குப் பொதுவாகப் பேச வராது. யாருக்கு என்ன பிழை, எத்தனை தரம் என்று விபரமாக எழுதினேன். நாற்பத்தொன்பது பெயர் வந்தது. மவுத்தாகி அடக்கப்பட்டவர்கள் பதினொருவரைக் கழித்தால் முப்பத்தெட்டு. இலேசான பிழைகளை முன்னுக்கும் பாரமானவற்றைப் பின்னுக்கும் வைத்தேன்.

முதல் ஆள் பக்கத்து வீட்டு ஜெமீலா. அவருடைய தென்னைகளிலிருந்து இறங்கும் தேங்காயை ஒவ்வொரு பறிப்பிலும் வேலிக்கு இப்பால் நின்று எண்ணிவந்த பிழைக்காக மாப்புக் கேட்டேன்.

"அதுக்கென்ன சேர், தந்துட்டன்" என்றவர், நான் சைக்கிளில் ஏறும்போது கேட்டார். "போன வருசம் எத்தின வந்த?"

"இருநூற்றிப் பதினாறு."

ஜெமீலாவின் முகம் மாறியது. "எனக்கு நூற்றித் தொண்ணூறுதானே வந்து சேர்ந்த. மிச்சம் இருபத்தாறும் எங்க போன?"

தேங்காய் பறிக்கிறவருக்கும் ஜெமீலாவுக்கும் அன்று தொடங்கிய பேச்சுவார்த்தையில்லாமை இன்றும் தொடர்கிறது. தேங்காய் பறிக்கிறவரின் பெயர் என் பட்டியலில் இல்லை. பிறகு தனித் தாளில் சேர்த்தேன்.

ஒன்பதாவது ஆள் மருதமுனையில் கைத்தறிச் சாரன் கடை வைத்திருக்கும் நிஸாம், என் பழைய மாணவன். விடைக்குக் கீழே அடிமட்டத்தால் கோடு போடவில்லை என்று அவனுக்கு ஒரு பரீட்சையில் இரண்டு புள்ளி குறைத்திருந்தேன்.

"அந்த ரெண்டு மார்க்காலதான் சேர் எனக்கு அந்தத் தவணை பெயில்" என்றான், துணியை மடித்தபடியே. "வாப்பா அடிச்ச அடி இன்னும் ஞாபகம் இரிக்கி. பரவாயில்ல, மாப்புத் தந்துட்டன். என்ட மகனுக்கு கணக்கு ஓடுதில்ல. கிழமையில ஒரு நாள் வந்து செல்லிக் குடுங்களேன்."

"எனக்குக் காலம் இல்ல தம்பி" என்றேன், மேலே பார்த்து. (அப்போது அது எனக்கு மிகவும் பொருத்தமான பார்வையாகத் தெரிந்தது.)

அந்த ஒரு பார்வை போதுமாக இருந்தது. பின்னேர அஸர் தொழுகைக்குள் மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது வரை, கணக்கு சேருக்குக் காலம் இல்லையாம் என்ற செய்தி வந்துவிட்டது. மூன்றாம் நாள் வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பிஸ்கட் பக்கெட்டுகள் ஒன்பது, தோடம்பழம் இரண்டு பை, யாசீன் ஓத வந்த பெண்கள் ஏழு பேர். அவர்களில் ஒருத்தி சபியாவைக் கட்டிப்பிடித்து அழுதபோதுதான் சபியாவுக்கு விஷயம் தெரிந்தது.

ஆட்கள் போனபிறகு அவள் என் முன்னால் வந்து நின்றாள். "எனக்குச் செல்லாம மவுத்தாகப் போறீங்களாமே."

கொப்பியைக் காட்டினேன். அவள் படத்தைப் பார்க்கவில்லை. டோர்ச்சைப் பிடுங்கி, "வாயைத் திறங்க" என்றாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "என்ன இது, பால் குடிக்கிற பிள்ளைட நாக்கு மாதிரி இரிக்கி. நம்மட மூத்தவளுக்கும் கைப்பிள்ளையில இப்படித்தானே வந்த. சின்னவள் நிஹாராவுக்கும் வந்த" என்றாள்.

"அது கைப்பிள்ளைக்கு வாற. எனக்கு எழுபத்திரண்டு" என்றேன். ஐந்து பிள்ளை வளர்த்தவளின் கண்ணை விடத் துண்டுப் பிரசுரத்தில் ஐம்பத்தெட்டு வீதம் எடுத்த என் மூளையை நம்பினேன்.

"நாளைக்கு விடிய ஆஸ்பத்திரிக்குப் போறம்" என்று அவள் முடித்துவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் திரும்பி வரமாட்டேன் என்பது என் கணிப்பு. பட்டியலில் ஒருவர் மட்டும் மிச்சம். முப்பத்தெட்டாவது ஆள், சபியாவின் சொந்த அண்ணன் உதுமாலெவ்வை. அன்று பின்னேரமே போனேன்.

உதுமான் மச்சான் என்னிலும் மூன்று மாதம் மூத்தவன். ஒரே பாடசாலையில் இருபது வருடம் படிப்பித்தோம். எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில் இருக்கிறான். அவனுக்கு நான் செய்தது இதுதான். முப்பது வருடத்துக்கு முன் எங்கள் பாடசாலையின் அதிபர் பதவி அவனுக்கு வர இருந்தது. கல்விக் கந்தோரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். ஆசிரியர் அறையில் தேத்தண்ணி குடித்தபடி, "உதுமாலெவ்வை சேர் நேரத்துக்கு வருவாரா?" என்று பொதுவாகக் கேட்டார். அங்கே இருந்தது நானும் உப அதிபர் ஆதம்லெவ்வையும். ஆதம்லெவ்வை, "நல்ல மனிசன்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்கு எழும்பிப் போனார். நான் கொப்பியை எடுத்து, "இந்த வருடம் இருபத்து மூன்று நாள் பிந்தியிருக்கிறார்" என்றேன். திகதிகளையும் வாசித்தேன். சவளக்கடையில் அவனுடைய வயலுக்குத் தண்ணீர் முறை வரும் நாட்களில் அவன் பிந்தித்தான் வருவான். அதை நான் சொல்லவில்லை. அதிகாரி கேட்கவில்லை.

அதிபர் பதவி வெளியூர் ஆளுக்குப் போனது. கேட்ட கேள்விக்கு எண்ணால் பதில் சொன்னேன், அவ்வளவுதான் என்று எனக்கு நானே முப்பது வருடம் சொல்லிவந்தேன். அந்தக் கொப்பியில் வேறு எந்த ஆசிரியர் பிந்திய நாளும் எழுதப்பட்டிருக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

போனபோது மச்சான் முற்றத்துக் கதிரையில் இருந்து சின்ன இரும்பு உரலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தான். கடைவாய்ப் பற்கள் போய்விட்டதால் இடித்துத்தான் போடுவான்.

"என்ன மச்சான், ஊரெல்லாம் மாப்புக் கேட்டுத் திரியிறாயாம். என்ட வீட்டுக்கு இப்பதான் வழி தெரிஞ்சதா?"

"நீ கடைசி ஆள்."

"அப்ப பெரிய பங்கு எனக்குத்தான் போல" என்று இடிப்பதைத் தொடர்ந்தான்.

சொன்னேன். சொல்லி முடிக்க நான்கு நிமிடம் பிடித்தது. இடிக்கும் சத்தம் எந்த இடத்தில் நின்றது என்று தெரியவில்லை, முடித்தபோது அது இல்லை.

"எத்தின நாள் எண்டு குடுத்த?"

"இருபத்து மூணு."

"இருபத்தி ரெண்டு. ஒரு நாள் உம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன. அண்டைக்கு அரை நாள் லீவு எழுதியிரிக்கன்." அவன் உரலுக்குள் பார்த்தபடி சொன்னான். "அதையும் பிழையாத்தான் குடுத்திரிக்காய்."

உலக்கையால் உரலின் விளிம்பை ஒரு தரம் தட்டினான்.

"அப்ப ஆதம்லெவ்வை செல்லல்லயா?"

"இல்ல மச்சான்."

"நான் அவன் எண்டுதான் நினைச்ச. இருபத்திரண்டு வருசம் அவனோட கதைக்கல்ல. நானும் அவனும் ஒரே சைக்கிள்ள பள்ளிக்கூடம் போன ஆக்கள்." உரலைக் கீழே வைத்து, "அவன்ட மையத்துக்கும் நான் போகல்ல" என்றான்.

"தெரியும்."

"உனக்குத் தெரியும். நீ போய் முன் வரிசையில நிண்டு தொழுத."

எட்டு வருடத்துக்கு முன் நடந்தது அது. முன் வரிசையில் இடமிருந்து நான்காவது ஆளாக நின்றேன். மாப்புத் தா என்று கேட்டேன். அவன் நிமிரவே இல்லை.

"எழும்பிப் போ."

முப்பத்தேழு பேர் தந்தார்கள். கேட்க வேண்டிய ஒரேயொருவன் தரவில்லை. அன்றிரவு புற்றுநோயை மறந்து அதை நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

காலையில் வாசலுக்கு வந்த ஓட்டோவுக்குள் சாரதிக்குப் பின்னால் உதுமான் மச்சான் இருந்தான். சபியா அழுது கூப்பிட்டிருக்கிறாள்.

"நான் உனக்காக வரல்ல" என்றான், ரோட்டைப் பார்த்தபடி. "தங்கச்சி கேட்டதுக்கு வாறன். மற்றது, நீ சாகப்போற எண்டு செல்லி வந்துதானே என்னட்ட கேட்ட. உண்மையா எண்டு கண்ணால பார்க்க வேணும்."

பல் வைத்தியர் ஒரு இளம் பெண், காரைதீவுப் பிள்ளை. நான் கொப்பியை நீட்டிப் பதினான்கு புள்ளிகளையும் விளக்கினேன். படத்தைக் கவனமாகப் பார்த்தார். "நல்லாக் கீறி இருக்கிறீங்க ஐயா. இப்ப வாயைக் காட்டுங்க."

லைட்டைப் பிடித்துப் பார்த்தார். பல் செட்டைக் கழற்றச் சொன்னார். பிறகு ஒரு துண்டு வெள்ளைத் துணியை விரலில் சுற்றி, இடது கன்னத்தின் மூன்றாவது புள்ளியை ஒரு இழுவை இழுத்தார். துணியில் தயிர்த் துணிக்கை மாதிரி ஏதோ வந்தது. கன்னத்தில் புள்ளி இல்லை, சிவந்த இடம் மட்டும் இருந்தது. இரண்டாவது இழுவையில் நான்காவதும் ஐந்தாவதும் போயின.

என் மரணம் ஒரு துண்டுத் துணியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பங்கசு ஐயா, பூஞ்சணம். வெண்படலம். துடைச்சா வருது. நீங்க பயந்த வெள்ளை துடைச்சா வராது" என்றார். "முட்டுக்குப் பம்ப் பாவிக்கிறீங்களா?"

"ஓம்."

"இழுத்த பிறகு கொப்பளிக்கிறீங்களா?"

நோன்பு, பாங்கு, ஒரு துளி, உதட்டுக்கு ஈர விரல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பல் செட்டை இரவில கழற்றி வைக்கிறீங்களா?"

"நோன்புக்கு கழற்றல்ல. நேரம் மிச்சம் எண்டு."

சபியா, "நான் செல்லல்லயா, பிள்ளைப் புண் எண்டு" என்றாள்.

"அம்மா சரியாத்தான் பிடிச்சிருக்கிறா" என்றார் வைத்தியர். "கைப்பிள்ளைக்கு வாறதும் இதுதான்."

அப்போது உதுமான் மச்சான் சிரித்தான். சும்மா சிரிப்பில்லை. சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வர, "நீர்... நேரம் மிச்சம் புடிச்ச நீர்..." என்று சொல்ல முடியாமல் சிரித்தான். எப்போதும் 'நீ' என்கிறவன் என்னைக் கேலிக்காக 'நீர்' என்று மரியாதை வைத்துச் சொன்னது அதுதான் முதல் தரம்.

வைத்தியர் சிரிக்கவில்லை. அவனுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு சிரித்தும் அந்த வாய் பாதிதான் திறந்திருந்தது.

"ஐயா, நீங்களும் கொஞ்சம் இதில இருங்க."

"எனக்கு ஒண்டுமில்ல பிள்ள. நான் இவன்ட மவுத்தைப் பார்க்க வந்த."

"பரவாயில்ல, இருங்க."

மூன்று விரலை வைக்கச் சொன்னார். இரண்டு போனது, மூன்றாவது போகவில்லை. வெற்றிலையை எந்தப் பக்கம் ஒதுக்குவீர்கள் என்று கேட்டார். இடப் பக்கம் என்றான். இடது கன்னத்தை விலக்கி லைட்டைப் பிடித்தார். புதிதாக ஒரு துண்டுத் துணியை எடுத்துத் துடைத்தார். திரும்பவும் துடைத்தார். துணி சுத்தமாகவே வந்தது.

நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்து தரம் துடைத்தார்.

"இந்தப் புண் எவ்வளவு நாளா இருக்கு?"

"அது கடிபட்ட புண். நோன்புக்கு முந்தியே இரிக்கி."

"நோன்புக்கு எவ்வளவு முந்தி?"

"மூணு மாசம் இரிக்கும்."

"வலிக்குதா?"

"இல்ல. வலிச்சா எப்பவோ வந்திருப்பனே."

"வலிக்காத புண்ணுக்குத்தான் ஐயா ஆக்கள் வாறதில்ல" என்றார் வைத்தியர், கையுறையைக் கழற்றியபடி. இரண்டு கிழமையில் ஆறாத எந்தப் புண்ணையும் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்றார். சின்னத் துண்டு வெட்டிச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று மட்டக்களப்புக்குக் கடிதம் எழுதினார். எனக்கு ஒரு மஞ்சள் திரவம் தந்தார், நாளைக்கு நான்கு தரம் வாயில் வைத்திருந்து விழுங்க. திரும்பும்போது ஓட்டோவில் மூன்று பேரும் நெருக்கி இருந்தோம். என் கையில் மருந்துப் போத்தல், அவன் கையில் கடிதம். மாறிப்போனது போல இருந்தது.

என் வாய் ஒன்பது நாளில் சுத்தமானது. ஊர் என்னை மன்னிக்க அதைவிடக் கூட நாள் எடுத்தது. பள்ளிவாசலில் செருப்புக் கழற்றும்போது, "எப்ப சேர்?" என்று கேட்பார்கள். பிஸ்கட் கொண்டுவந்த ஒருவர், பக்கெட் உடைத்தாயிற்றா என்று சபியாவிடம் விசாரித்தார். நிஸாம் டெலிபோனில், "சேருக்கு இப்ப காலம் இரிக்கிதானே, மகன எப்ப அனுப்ப?" என்று கேட்டான். (கிழமையில் இரண்டு நாள் வருகிறான். கணக்கு இன்னும் ஓடவில்லை.)

மச்சானின் முடிவு மூன்று கிழமையில் வந்தது. அந்த வருத்தம்தான். ஆனால் தொடக்கம், பரவவில்லை என்றார்கள். அந்த வெற்றிலை உரலை அவனே கிணற்றுக்குள் போட்டான். கன்னத்தில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். மட்டக்களப்புக்கு பஸ்ஸில் கூடப்போனது நான். சபியா சொல்லவுமில்லை, அவன் கூப்பிடவுமில்லை. முதல் நாள் விடிய பஸ் தரிப்பிடத்தில் போய் நின்றேன். அவன் என்னைப் பார்த்துவிட்டு ஏறினான். பக்கத்து இருக்கையில் பையை வைக்கவில்லை. அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

வெட்டிய இடம் ஆறியபிறகு மட்டக்களப்பு வைத்தியர், "நல்லகாலம், நேரத்தோட வந்திருக்கிறீங்க" என்றார்.

"அதை ஒரு துண்டில எழுதிக் குடுங்க டொக்டர்" என்றான் மச்சான், தடித்த நாக்கோடு. "இந்தா நிக்கிற ஆள்ட கொப்பியில போட. நான் ஒரு இடத்துக்கு நேரத்துக்குப் போயிரிக்கன் எண்டு."

அன்று திரும்பும் வழியில் வீட்டுக்குப் போகவில்லை. "ஆதம்லெவ்வைட வீட்ட போவம்" என்றான். ஆதம்லெவ்வையின் மனைவிக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. வாசலில் நின்று நான்தான் முழுவதையும் சொன்னேன். மச்சானுக்கு அவ்வளவு நீளமாகப் பேச அப்போது முடியாது. கேட்டுவிட்டு அவர் கதவு நிலையைத் தடவிப் பிடித்துக்கொண்டார்.

"கடைசிக் கிழமையில அவர் கேட்ட, உதுமாலெவ்வை வந்தானா எண்டு" என்றார் பிறகு. "நான் வந்த எண்டு சென்ன. நீங்க நித்திரை, எழுப்ப வேணாம் எண்டு செல்லிப்போட்டுப் போயிட்டார் எண்டு சென்ன. அதுக்குப் பிறகு அவர் கேட்கல்ல. அந்தப் பொய்க்கு நான் யாரட்ட மாப்புக் கேட்கிற?"

மச்சான் படியில் உட்கார்ந்துவிட்டான். அவனை எழுப்ப எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதை நான் எண்ணவில்லை.

இது நடந்து மூன்று வருடமாகிறது. பம்ப் இழுத்தபின் இப்போது நாற்பது வினாடி கொப்பளிக்கிறேன், நோன்பிலும். பல் செட் இரவில் கோப்பைத் தண்ணீரில். மாத முதல் நாள் வீட்டில் எல்லோரும் டோர்ச்சுக்கு வாயைக் காட்ட வேண்டும். மருமகன்மார் அந்த நாள் பார்த்து அக்கரைப்பற்றில் வேலை இருக்கிறது என்கிறார்கள். வெற்றிலைக் கடையில் நிற்கிற ஆட்களிடம் இரண்டு கிழமைக் கணக்கைச் சொல்லப் போய் இரண்டு தரம் ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

மாப்பு மட்டும் இன்னும் வரவில்லை. ஒவ்வொரு கிளினிக்குக்கும் போய்த் திரும்பும்போது பஸ்ஸில் கேட்பேன். "அடுத்த கிளினிக் முடியட்டும், பார்ப்பம்" என்பான். எங்கள் வீட்டில் இப்போது, வராத எதற்கும் அதுதான் பெயர். கூரை வேலைக்கு வருகிறேன் என்ற மேசன் வரவில்லையென்றால், "அது உதுமான் மாமாட மாப்புத்தான்" என்பாள் நிஹாரா. ரோட்டுக்குக் கொங்கிறீட் போடுகிறோம் என்றவர்கள், கடனாகக் கொண்டுபோன பெரிய சட்டி, எல்லாம் உதுமான் மாமாட மாப்பு. பேரப்பிள்ளைகள் காரணம் தெரியாமலே சொல்கிறார்கள். மச்சான் எதிரில் இருந்தாலும் சொல்வார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

போன மாதம் வைத்தியர், எல்லாம் நன்றாக இருக்கிறது, இனி மூன்று மாதத்துக்கு ஒரு தரம் வரத் தேவையில்லை, ஆறு மாதத்துக்கு ஒரு தரம் வந்தால் போதும் என்றார். பஸ்ஸில் கல்லாறுப் பாலம் தாண்டும்போது பதின்மூன்றாவது தரம் கேட்டேன்.

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். "தந்தா நீ பிறகு பஸ்ஸுக்கு வரமாட்டாய்" என்றான்.

"வருவன்."

"எனக்கு உன்ன நம்ப ஏலா மச்சான். ஆறு மாசம் எண்டுதானே செல்லியிரிக்கி. அதுவரைக்கும் நீ சாக ஏலாது. வந்து கேளு, பார்ப்பம்."

வீட்டுக்கு வந்து நாட்காட்டியை எடுத்தேன். நூற்று எண்பத்து மூன்று நாள். இரண்டு தரம் எண்ணினேன், ஒரு நாள் பிழைத்துவிடக் கூடாதென்று.